ஊமைக்கல் பள்ளத்தில் ஒரு போயா தினம்

மடுல்சீமைச் சந்தியில் பெற்றோல் அடித்துக்கொண்டு
திலகசிறியின் ஆட்டோ மூச்சு வாங்கி ஏறியது.
போயா. கொழுந்து இல்லை, பேரும் இல்லை.
கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நிற்கிற இவருக்கு
மூன்று நாள் லீவு.
ஒன்றை மழை தின்றது, ஒன்றைத் தூக்கம்.
மிச்சத்தைக் கல் பார்க்கக் கொண்டுபோனோம்.

பதினொரு வருஷமாய் இந்த மலையின் இந்தப் பக்கம் நான்.
திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.
முதுகில் கூடை இருந்தது.

பாதை முடிந்த இடத்தில் மானாப்புல்.
அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசியிருந்தோம்,
அட்டைகள் அதைக் கணக்கெடுக்கவில்லை.
குனிந்து ஒன்றைப் பிய்த்து நிமிர்ந்தபோது
பனி ஒரு பக்கமாய் விலகியிருந்தது,
கொடியில் கிடந்த ஈரச் சேலையை யாரோ உருவினதுபோல.
பள்ளம் முழுக்கக் கல்.

நின்ற கல். குந்தியிருந்த கல்.
ஒன்றின் தலைமேல் ஒன்று, சும்மாடும் இல்லாமல்.
வெங்காயமாய் ஏடு ஏடாக உரிந்து
உரித்த தோலைக் காலடியிலேயே போட்டிருந்த கல்.
ஒன்றில் கறுப்பும் வெள்ளையும் சுழித்துச் சுழித்து வரி;
கொதித்த நேரம் யாரோ கிண்டிவிட்டுக்
கரண்டியோடு போய்விட்டார்கள்.

திலகசிறிக்கு எல்லாவற்றின் பேரும் தெரியும்.
யானை என்றான். கப்பல் என்றான்.
கண்மூடிய சாது என்றபோது செருப்பைக் கழற்றினான்.
அந்தா, ஒட்டகம்!

ஒட்டகமேதான்.
திமில், கழுத்து, தொங்கின உதடு.
இவர் போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்து
தம்மாமில் இருக்கிற பவளராணி அக்காவுக்கு அனுப்பினார்.
சிக்னல் ஒரே கோடு, ஆனாலும் போய்ச் சேர்ந்தது.
பதில் குரலாய் வந்தது:
"ஒட்டகம் இப்படியாடா இருக்கும்?
ஏழு வருஷமாச்சு, நான் இன்னும் பார்க்கல.
குசினிக்கு ஜன்னல் இல்ல."
பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
இவர் அதை இன்னொரு தரம் போட்டுக் கேட்டார்.
பிறகு படம் எடுக்கவில்லை.

கிழக்கு ஓரத்தில் தனியாய் ஒன்று.
அதன் பேரைக் கேட்டேன்.
திலகசிறி தலையைச் சொறிந்தான்.
"அது... கல்."

சுற்றி வந்தேன்.
பானை என்று பார்த்தேன், ஆகவில்லை.
பிள்ளைத்தாய்ச்சி என்று பார்த்தேன்.
கதவடைத்த கடை, படுத்த மாடு,
ரோதைமுனி என்றுகூடப் பார்த்தேன்.
எந்த உருவத்துக்கும் அது ஒத்துவரவில்லை.
எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

நடுவில் ஒரு வெடிப்பு, என் கை நுழையுமளவு.
கையை விட்டேன். உள்ளே காற்று குளிர்ந்து கிடந்தது.
வெடிப்பின் குறுக்கே
சிமெந்து வைத்து ஒட்டின கண்ணாடித் துண்டு,
பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் 14.

பதின்மூன்று எங்கள் காம்பிராச் சுவரில் இருக்கிறது.
அதே சிவப்பு. ஒன்றுக்குக் கொக்கி வைக்கிற அதே கை.
மண்சரிவுக் கந்தோர்ப் பொடியன்
மாதம் ஒருக்கா வந்து குனிந்து பார்ப்பான்.
தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பான்.
"உடையல்ல" என்று
பரீட்சை முடிவு சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு
கொப்பியை அக்குளில் வைத்துக்கொண்டு கீழே இறங்குவான்.
அடுத்து எங்கே போகிறான் என்று நான் கேட்டதில்லை.
இங்கேதான் வந்திருக்கிறான்.
அந்தக் கொப்பியில் அடுத்தடுத்த வரியில்
நாங்களும் இந்தக் கல்லும்.

கண்ணாடியில் பனி படிந்திருந்தது.
சால்வை நுனியால் துடைத்தேன்.
முழுசாய் இருந்தது.

திரும்பும் வழியில் திலகசிறி காசு குறைத்துக்கொண்டான்,
சாதுவுக்கு முன்னால் மேகம் வந்ததற்காக.
இவர் பேசவில்லை. கீழே இறங்க இறங்கப்
போனில் கோடுகள் கூடின;
அக்காவிடமிருந்து வேறொன்றும் வரவில்லை.

காம்பிராவுக்குள் நுழைந்ததும்
விளக்குப் போடாமல் சுவரோரம் போனேன்.
இவர் ஒன்றும் கேட்காமல் போன் வெளிச்சத்தைப் பிடித்தார்.
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
பிறகு நான் அரிசி களைந்தேன்.